ஓடும் முகிலும் ஓடாத கோப்பும்

நுழையும்முன்

காலத்தை அறிந்து பயிர்செய்தவன் உழவன். காற்றை அறிந்து கலம் செலுத்தியவன் பரதவன். இருவரும் வானத்தை ஒருமுறை பார்த்து முடிவெடுத்தவர்கள் அல்லர். முகில் எழும் திசையையும் நகரும் விரைவையும் தொடர்ந்து நோக்கியவர்கள். இன்று அந்நோக்கும் பணியைச் செயற்கைக்கோளும் ரேடாரும் செய்கின்றன. அவை அனுப்பும் படங்கள் தனித்தனியானவை. அவற்றை முறைப்படி கோத்து, எந்தக் கணினியிலும் எந்தக் கைப்பேசியிலும் ஓடும் காணொலியாக ஆக்கும்போதுதான் வானத்தின் போக்கு மக்களுக்கு விளங்குகிறது. அந்தக் கோக்கும் கலையின் அடிப்படைகளைத் தென்சென்னைப் புறநகர் கண்ட பெருமழையை முன்வைத்து விளக்குகிறது இக்கட்டுரை.

தாம்பரத்தில் பதிவான மழை

2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1918ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த 1,088 மில்லிமீட்டருக்குப் பின் அம்மாதத்தில் பதிவான மிகுதியான மழை அதுவே. ஏரிகள் நிரம்பின, நிலம் மேலும் நீரை உறிஞ்ச இயலாத நிலையை அடைந்தது. அந்நிலையில் டிசம்பர் முதல் நாள் மீண்டும் வானம் திறந்தது. டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. அதே நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29 சென்டிமீட்டர்.

49 சென்டிமீட்டர் என்பது எத்துணைப் பெரிய அளவு என்பதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 49 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அதன் அளவு 4,90,000 கனமீட்டர். அதாவது 49 கோடி லிட்டர். மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராசபுரம் ஆகிய பகுதிகள் நீரில் மூழ்கின. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்து வரும் அடையாற்றின் மேற்பகுதி இப்பகுதிகளை ஒட்டியே ஓடுகிறது. மீனம்பாக்கம் வானூர்தி நிலைய ஓடுதளம் வெள்ளக்காடாகிப் பல நாள்கள் மூடப்பட்டது. மறைமலைநகரில் இருந்த அச்சகத்திற்குப் பணியாளர் செல்ல முடியாமையால், 1878இல் தோன்றிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2ஆம் நாள் வெளிவரவில்லை.

மழைமானி தரும் எண் மழையின் முடிவைக் கூறும். அம்மழை எத்திசையிலிருந்து வந்தது, எத்துணை நேரம் ஒரே ஊரின்மேல் நின்றது, எப்போது விலகியது என்பவற்றை அவ்வெண் கூறாது. அவற்றைக் கூற வல்லவை வரிசையாக எடுக்கப்பட்ட படங்களே.

நின்ற படமும் ஓடும் படமும்

ஒரு படம் ஒரு கணத்தைக் காட்டும். இரு கணங்களுக்கு இடையே நிகழ்ந்த மாற்றத்தைக் காட்ட இரு படங்களாவது வேண்டும். 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையின் பாதையில் 12 ஒளிப்படக் கருவிகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார். குதிரை ஓடும்போது அதன் நான்கு கால்களும் ஒருங்கே தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டென அப்படவரிசை காட்டியது. வெறுங்கண்ணால் தீர்க்க முடியாதிருந்த ஐயத்தைப் படவரிசை தீர்த்தது.

அவ்வாறு எடுத்த படங்களை விரைந்து மாற்றிக் காட்டினால் கண்ணும் மூளையும் சேர்ந்து அவற்றை இடையறாத இயக்கமாக உணர்கின்றன. திரைப்படக் கலையின் அடிப்படை இதுவே. பேசும் படங்களின் காலத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் என்பது நிலைபெற்றது. படச்சுருளில் உள்ள ஒவ்வொரு படமும் 'படச்சட்டம்' எனப்படும்.

வானிலைப் படங்களும் இவ்வாறே. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிய கடலில் மெல்ல நகர்ந்து பெருமழையைக் கொட்டியபின், 5ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. இரு புயல்களின் தனிப்படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் வெண்ணிறச் சுழல்களாகவே தோன்றும். ஒன்று விரைந்து கடந்தது என்பதையும் மற்றொன்று அருகிலேயே தயங்கி நின்றது என்பதையும் படத்தொடரே உணர்த்தும். ஓர் ஊர் காற்றுக்கு அஞ்ச வேண்டுமா, வெள்ளத்திற்கு அஞ்ச வேண்டுமா என்னும் வேறுபாடு அந்த நகர்விலேயே அடங்கியிருக்கிறது.

வானத்தை நோக்கும் கண்கள்

இந்தியாவின் இன்சாட்-3டி செயற்கைக்கோள் 2013ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் ஏவப்பட்டது. அதன் படமெடுக்கும் கருவி அரை மணி நேரத்திற்கு ஒரு படமாக நாளொன்றுக்கு 48 படங்களைத் தரும் முறையில் இயங்கியது. அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவதால் இரவிலும் முகில்களைக் காண இயலும். அதன் பின்னவையாக இன்சாட்-3டிஆர் 2016இலும் இன்சாட்-3டிஎஸ் 2024இலும் விண்ணில் செலுத்தப்பட்டன.

செயற்கைக்கோள் முகிலின் மேற்பரப்பைப் பார்க்கும். ரேடாரோ முகிலுக்குள் இருக்கும் மழைத்துளியைத் தேடும். ரேடார் அனுப்பும் நுண்ணலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகின்றன. திரும்பும் அலையின் வலிமையைக் கொண்டு மழையின் செறிவும், அலை திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு மழையின் தொலைவும் அறியப்படுகின்றன. சென்னைத் துறைமுகத்தில் 2002ஆம் ஆண்டு முதல் டாப்ளர் வானிலை ரேடார் இயங்குகிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் நிறுவப்பட்ட மற்றொரு டாப்ளர் ரேடார் 2022ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முன்னது நெடுந்தொலைவு காண்பது. பின்னது குறைந்த தொலைவை நுணுகிக் காண்பது.

பத்து நிமிடத்திற்கு ஒரு ரேடார்ப் படம் என்று கொண்டால் ஒரு நாளுக்கு 144 படங்கள் சேரும். நொடிக்கு 12 படங்கள் வீதம் ஓட்டினால், ஒரு நாள் முழுதும் பெய்த மழை 12 நொடியில் கண்முன் ஓடி முடியும். வங்கக்கடலில் எழும் மழைமுகில் கரையேறித் தாம்பரத்தைக் கடந்து செங்கற்பட்டை நோக்கிச் செல்வதைப் பள்ளி மாணவரும் சுட்டிக்காட்ட இயலும்.

கோக்கும் முறை

பூக்களை எவ்வாறேனும் நாரில் கோத்தால் மாலையாகிவிடும். படங்கள் அவ்வாறு அல்ல. அவற்றுக்கு வரிசை உண்டு. படங்களைக் காணொலியாக்கும் பணியில் முதலில் நேரும் பிழை பெயரிடுவதில்தான் தோன்றுகிறது. படம்1, படம்2 என்று தொடங்கிப் படம்144 வரை பெயரிட்டால், எழுத்து முறையில் வரிசைப்படுத்தும் நிரல் படம்1, படம்10, படம்100 என்றே அடுக்கும். படம்2 பின்னுக்குத் தள்ளப்படும். விளைவாக, முகில் முன்னும் பின்னும் தாவும். படம்001, படம்002 என எல்லாப் பெயர்களையும் ஒரே எண்ணிக்கையிலான இலக்கங்களால் அமைத்தால் இக்குழப்பம் நேராது. பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்னும் வரிசையில் நேரத்தை எழுதுவது இன்னும் சிறந்தது.

இரண்டாவது பிழை நேரத்தைப் பற்றியது. செயற்கைக்கோள் படங்களில் பெரும்பாலும் உலகப் பொது நேரமே குறிக்கப்படும். இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முன்னே செல்வது. படத்தில் 03.00 என்று இருந்தால் தாம்பரத்தில் அப்போது காலை 8.30 மணி. ஒரு நாள் மழையின் கணக்கை வானிலைத் துறையினர் முடிக்கும் நேரமும் அதுவே. டிசம்பர் 2ஆம் நாளின் கணக்கில் வந்த 49 சென்டிமீட்டரில் பெரும்பகுதி டிசம்பர் 1ஆம் நாளே பெய்தது என்பதை இந்நேரக் கணக்கை அறியாதவர் உணர மாட்டார். இரு வகை நேரங்களைக் கொண்ட படங்களை ஒரே தொடரில் கலந்தால் மழை பெய்யுமுன் வெள்ளம் வந்ததாகவும் காட்சி அமைந்துவிடும்.

மூன்றாவது, விடுபட்ட படங்கள். மின்தடையாலோ கருவிப் பழுதாலோ சில படங்கள் கிடைக்காமற் போகலாம். இருக்கும் படங்களை மட்டும் நெருக்கிக் கோத்தால் அவ்விடத்தில் முகில் திடீரென விரைந்தோடுவதாகத் தோன்றும். விடுபட்ட படத்தின் இடத்தில் 'படம் இல்லை' என்று எழுதிய வெற்றுச் சட்டத்தை வைப்பதே நேரிய முறை. முன்னும் பின்னும் உள்ள படங்களைக் கொண்டு இடைப்பட்ட படத்தைத் தாமே வரைந்து நிரப்பும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றால் காட்சி அழகாக ஓடும்; ஆனால் வானில் இல்லாத முகிலைக் காட்டிவிடும். கதைப்படத்தில் கற்பனைக்கு இடம் உண்டு. ஊரார் தம் பொருளை மாடிக்கு ஏற்றலாமா வேண்டாமா என முடிவுசெய்யும் படத்தில் அதற்கு இடமில்லை.

சுருக்கும் கலை

கோத்த படங்களை அப்படியே அனுப்புவது எளிதன்று. 1280 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் உடைய ஒரு படத்தில் 9,21,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எனும் மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க மூன்று பைட்டுகள் தேவை. எனவே ஒரு படத்திற்கு 27,64,800 பைட்டுகள். 144 படங்களுக்கு ஏறத்தாழ 40 கோடி பைட்டுகள். பன்னிரண்டு நொடிக் காட்சிக்கு இவ்வளவு இடம் என்றால், மழைநாளில் தள்ளாடும் கைப்பேசி இணைப்பில் அதனைப் பெறுவது அரிது.

இங்கே உதவுவது சுருக்கும் முறை. ரேடார்ப் படத்தில் கடற்கரைக் கோடும் மாவட்ட எல்லையும் ஊர்ப்பெயரும் மாறுவதில்லை. மாறுவது மழையின் நிறத்திட்டு மட்டுமே. ஆகவே முதற்படத்தை முழுமையாகப் பதிந்து, அடுத்தடுத்த படங்களில் மாறிய பகுதிகளை மட்டும் பதிந்தால் போதும். முழுமையாகப் பதியப்படும் படம் 'முதன்மைச் சட்டம்' எனப்படும். மேலும், படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, 'இக்கட்டம் முந்தைய படத்தில் சற்றுக் கிழக்கே இருந்தது' என்று நகர்வை மட்டும் குறிப்பதும் உண்டு. முகிலின் நகர்வை மக்களுக்குக் காட்டப் பயன்படும் காணொலி, தன்னுள்ளேயும் நகர்வைக் குறித்தே இடத்தை மிச்சப்படுத்துகிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

சுருக்கத்தில் இழப்பும் உண்டு. மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கூர்ந்து காணும். நிற வேறுபாட்டை அத்துணைக் கூர்மையாகக் காணாது. இதனால் பெரும்பாலான காணொலி முறைகள், நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறக்குறிப்பை வைத்துக்கொள்கின்றன. மனிதமுகத்தைக் காட்டும் படத்தில் இவ்விழப்பு தெரியாது. ரேடார்ப் படத்திலோ நிறமே பொருள். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே மழையின் செறிவு மாறுகிறது. நிறங்களின் விளிம்பு மங்கினால் பொருளும் மங்கும். ஆகையால் காணொலியைப் பார்வைக்கும் பரப்புதலுக்கும் பயன்படுத்தி, ஆய்வுக்குரிய மூலப்படங்களை இழப்பில்லா வடிவத்தில் தனியே காப்பதே அறிவுடைமை.

ஓரிடத்தில் ஓடும், மற்றோரிடத்தில் ஓடாது

திரைப்படத்தின் தொடக்க காலத்தில் வெவ்வேறு அகலமுள்ள படச்சுருள்களும் வெவ்வேறு துளைகளும் வழக்கில் இருந்தன. ஒருவர் எடுத்த படம் இன்னொருவர் கருவியில் ஓடாது. 1909ஆம் ஆண்டு பாரிசில் கூடிய படத்தயாரிப்பாளர்கள், 35 மில்லிமீட்டர் அகலமும் சட்டத்திற்கு நான்கு துளைகளும் கொண்ட சுருளைப் பொதுத்தரமாக ஏற்றனர். எங்கோ எடுத்த படம் எவ்வூர்க் கொட்டகையிலும் ஓடும் நிலை அதனால் உறுதிப்பட்டது. தமிழகத்தில் 1905ஆம் ஆண்டில் சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படச்சுருளையும் படம்காட்டும் கருவியையும் சேர்த்தே வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். சுருளோடு அதற்கு இயைந்த கருவியும் இருந்தால்தான் படம் ஓடும் என்பதற்கு அதுவே சான்று.

கணினிக் காலத்திலும் இதே சிக்கல் மீண்டும் எழுந்தது. 1991இல் ஆப்பிள் நிறுவனம் 'குயிக்டைம்' முறையையும், 1992இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'வீடியோ ஃபார் விண்டோஸ்' முறையையும் வெளியிட்டன. ஒன்றின் காணொலி மற்றொன்றின் கணினியில் எளிதில் ஓடவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்திய பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கோ இரண்டும் எட்டாமல் நின்றன. பல நாட்டு வல்லுநர்கள் 1988இல் அமைத்த எம்பெக் குழு, 1993இல் தன் முதல் தரத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் பல்லாண்டு ஓடிய வீடியோ குறுந்தகடுகள் அத்தரத்தில் அமைந்தவையே.

காணொலி ஓடாமைக்குக் காரணம் அறிய இரு சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று கொள்கலம், மற்றொன்று குறியாக்கம். கொள்கலம் என்பது படம், ஒலி, எழுத்து ஆகியவற்றை அடுக்கி வைக்கும் பெட்டி. ஏவிஐ, எம்ஓவி, எம்பி4 ஆகியவை கொள்கலங்கள். குறியாக்கம் என்பது அப்பெட்டியுள் இருக்கும் படங்களைச் சுருக்கிய முறை. கோடெக் எனப்படும் நிரலே அதனைச் சுருக்கவும் விரிக்கவும் செய்கிறது. பெட்டி திறந்தாலும் உள்ளிருக்கும் மொழி புரியாவிட்டால் திரையில் கறுப்பே தோன்றும். அல்லது ஒலி மட்டும் கேட்கும். கோப்புப் பெயரின் ஈற்றில் 'எம்பி4' என்று மாற்றி எழுதுவதால் குறியாக்கம் மாறிவிடாது. பெட்டியின் மேல் ஒட்டிய தாளை மாற்றினால் உள்ளிருக்கும் பொருள் மாறுமோ?

2003ஆம் ஆண்டு வெளியான எச்.264 என்னும் குறியாக்கமும் எம்பி4 என்னும் கொள்கலமும் இன்று பெரும்பாலான கணினிகளாலும் கைப்பேசிகளாலும் உலாவிகளாலும் ஏற்கப்படுகின்றன. எஃப்எஃப்எம்பெக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் படவரிசையை இவ்வடிவத்திற்கு மாற்றித் தருகின்றன. அவ்வாறு மாற்றும்போது மூன்று செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று: படத்தின் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாக இருத்தல் வேண்டும். நிறக்குறிப்பு இரண்டிரண்டு புள்ளிகளாகப் பகுக்கப்படுவதால், 721 போன்ற ஒற்றைப்படை அளவுகளை வழக்கமான அமைப்பு ஏற்பதில்லை.

இரண்டு: நிறக்குறிப்பைப் பொதுவழக்கான முறையில் அமைக்க வேண்டும். முழு நிறக்குறிப்பும் கொண்ட கோப்பு, செய்தவர் கணினியில் ஓடியும் பிறர் கைப்பேசியில் ஓடாமற் போகக்கூடும்.

மூன்று: காணொலியின் பொருளடக்கம் போன்ற குறிப்புப் பகுதி கோப்பின் இறுதியில் அமைவது உண்டு. அதனை முன்னே கொணர்ந்தால், கோப்பு முழுதும் வந்து சேருமுன்னரே காட்சி ஓடத் தொடங்கும். இணைப்பு மெலிந்த மழைநாளில் இச்சிறு மாற்றம் பெரும்பயன் தரும்.

எளிய முறையும் ஒன்று உண்டு. 1987இல் தோன்றிய ஜிஃப் வடிவம், ஒரே கோப்பில் பல படங்களை வைத்து அடுத்தடுத்துக் காட்ட வல்லது. ஒரு படத்தில் 256 நிறங்களே இடம்பெறும் என்பது அதன் குறை. சில நிறங்களால் மட்டும் வரையப்படும் ரேடார்ப் படத்திற்கு அது குறையே அன்று. தனியொரு காணொலி நிரல் இல்லாமலே எந்த உலாவியிலும் ஓடுவதால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார்ப் படங்கள் இவ்வடிவில் மக்களுக்குக் கிடைத்துவந்துள்ளன. புதியது என்பதால் மட்டும் ஒன்று சிறந்ததாகிவிடாது. யாருக்கு, எதற்கு என்பதே தேர்வின் அளவுகோல்.

தெரிந்து தெளிவோம்

தமிழ் கண்ட இதே சிக்கல்

இணையத்தின் தொடக்கக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரை, அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாடு, தமிழ்99 விசைப்பலகைக்கும் டாம், டாப் என்னும் குறியீட்டுத் தரங்களுக்கும் வழிகோலியது. பின்னர் உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குகுறியில் தமிழ் நிலைபெற்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. எழுத்துக்கு ஒருங்குகுறி ஆற்றிய பணியைக் காணொலிக்குப் பொதுத்தரங்கள் ஆற்றுகின்றன.

வருங்காலத்திற்கான கோப்பு

தகவல் இருப்பது வேறு. அது கைக்கு எட்டுவது வேறு. வானிலை அலுவலகத்துத் திரையில் மட்டும் ஓடும் காட்சி, வல்லுநருக்கு அறிவாகும். முடிச்சூரில் விலைகுறைந்த கைப்பேசியை வைத்திருக்கும் காய்கறி வணிகருக்கும், பெருங்களத்தூரில் பழைய கணினியோடு இயங்கும் நூலகத்திற்கும் அது ஓடினால்தான் ஊருக்கு அறிவாகும். ஆகவே 'எல்லாக் கருவியிலும் ஓடுமா?' என்னும் வினா தொழில்நுட்ப வினா மட்டுமன்று. யார் அறியலாம், யார் அறிய இயலாது என்பதைத் தீர்மானிக்கும் வினாவும் ஆகும்.

காலத்தைக் கடப்பதும் இதில் அடங்கும். ஓலைச்சுவடி செல்லரித்தால் அழியும். கணினிக் கோப்போ அரிக்கப்படாமலே அழியும். அதனைத் திறக்கும் நிரல் வழக்கொழிந்தால், கோப்பு இருந்தும் இல்லாததே. சுவடிகளைக் காலந்தோறும் படியெடுத்துக் காத்த மரபு தமிழுக்கு உண்டு. அவ்வாறே கோப்புகளையும் காலந்தோறும் புதிய வடிவத்திற்கு மாற்றிப் படியெடுத்தல் வேண்டும். மூலப்படங்கள், அவற்றின் நேரக்குறிப்பு, நிறங்களின் பொருளைக் கூறும் அட்டவணை, காணொலி ஆகிய நான்கையும் ஒருங்கே காப்பது நலம். நிற அட்டவணை இல்லாத ரேடார்ப் படம், உரை இல்லாத பழம்பாடல் போன்றது.

சென்னையின் தென்புறம் நாள்தோறும் வளர்கிறது. வயல் இருந்த இடத்தில் வீடும், ஏரிக்கரை இருந்த இடத்தில் தெருவும் எழுகின்றன. அங்கு இனிக் குடியேறுவோர் 2015ஆம் ஆண்டின் மழையைக் கண்டவர்களாக இருக்க மாட்டார்கள். அம்மழை எவ்வழி வந்தது, எத்துணை நேரம் நின்றது என்பதை அவர்கள் ஒருமுறையேனும் பார்த்திருந்தால், வீட்டின் அடித்தளத்தை எத்துணை உயர்த்துவது, வாய்க்காலை எவ்வளவு அகலம் விடுவது என்பன குறித்து எண்ணுவர். அப்படிப் பார்ப்பதற்கு முகில் ஓடினால் மட்டும் போதாது; முகிலைப் பதிந்த கோப்பும் ஓட வேண்டும்.

கலைச்சொல் அறிவோம்

படச்சட்டம் – ஃபிரேம்
படப்புள்ளி – பிக்சல்
முதன்மைச் சட்டம் – கீ ஃபிரேம்
கொள்கலம் – கன்டெய்னர்
இயங்குதளம் – ஆப்பரேட்டிங் சிஸ்டம்
உலாவி – பிரௌசர்
கட்டற்ற மென்பொருள் – ஃப்ரீ சாஃப்ட்வேர்
ஒருங்குகுறி – யூனிகோடு

கற்பவை கற்றபின்

1. பள்ளி வளாகத்தில் உள்ள மரம் ஒன்றின் நிழலை அரை மணி நேரத்திற்கு ஒருமுறை, ஒரே இடத்திலிருந்து படமெடுக்க. படங்களுக்கு நேரத்தையே பெயராக இட்டு, வரிசைப்படுத்திக் காணொலியாக்குக. அதனை இருவேறு கருவிகளில் ஓட்டிப் பார்த்து வேறுபாடுகளைப் பதிவு செய்க.

2. 2015ஆம் ஆண்டு மழை குறித்து உங்கள் பகுதி முதியோரிடம் கேட்டறிந்து, நிகழ்ச்சிகளை மணிவாரியாக வரிசைப்படுத்தி வகுப்பறையில் உரையாற்றுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. படச்சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர் எனப் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட ஆண்டு
அ) 1878 ஆ) 1905 இ) 1909 ஈ) 1993

2. பொருத்துக.
அ) எம்பி4 – 1) குறியாக்கம்
ஆ) எச்.264 – 2) செயற்கைக்கோள்
இ) இன்சாட்-3டி – 3) கொள்கலம்

குறுவினா

1. படங்களுக்கு 001, 002 எனப் பெயரிடுவதன் தேவை யாது?
2. செயற்கைக்கோள் படத்தில் 12.00 எனப் பொது நேரம் குறிக்கப்பட்டிருப்பின், தாம்பரத்தில் அப்போது மணி என்ன?

சிறுவினா

1. கொள்கலம், குறியாக்கம் – வேறுபடுத்துக.
2. விடுபட்ட படத்தைக் கற்பனையால் நிரப்புதல் தகாது என்பதற்குக் கட்டுரை கூறும் காரணத்தை விளக்குக.

நெடுவினா

'எல்லாக் கருவியிலும் ஓடுமா என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று' – இக்கூற்றைத் தமிழ் எழுத்துருக்களின் வரலாற்றோடு ஒப்பிட்டு நிறுவுக.